குடிக்கிற ஏரியிலேயே குளிக்கிற ஊர்: சூரிக் போகிறவர்களுக்கு

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் ஒரு காபி ஏறக்குறைய 5 பிராங்க். ஒரு பிராங்க் 100 ரூபாயைத் தாண்டிவிட்டது. ஓட்டலில் உட்கார்ந்து சாதாரணமாகச் சாப்பிட்டு எழுந்தாலே ஆளுக்கு 25, 30 பிராங்க் ஆகும். இந்தக் கணக்கைக் கேட்டவுடனே பெரம்பூரிலும் தண்டையார்பேட்டையிலும் பலர் சூரிக்கை விமானம் இறங்குகிற ஊராக மட்டும் வைத்துக்கொள்கிறார்கள். டூர் பேக்கேஜ்காரர்களும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்: பான்ஹோஃப்ஸ்ட்ராஸ்ஸே கடைவீதியில் அரை நாள், கடிகாரக் கடை வாசலில் ஒரு போட்டோ, பிறகு பஸ் ஏறி நேராகப் பனிமலை.

கடைவீதி வழியாகப் பார்த்தால் அந்த ஊர் யாருக்கும் கட்டுப்படியாகாது. ஏரி வழியாகப் பாருங்கள். கரை, படித்துறை, புல்வெளி, குடிதண்ணீர், பெஞ்சு எல்லாம் பொதுச்சொத்து. மூன்று இரவு தங்கி நாளை ஏரியைச் சுற்றி அமைத்துக்கொண்டால் பெரிய செலவு படுக்கைக்கும் பயணச்சீட்டுக்கும் மட்டும்தான்.

முதலில் அந்த ஏரியைப் பற்றி. சூரிக் ஏரி 40 கிலோமீட்டர் நீளம், ஆழமான இடத்தில் 136 மீட்டர். பனிப்பாறை குடைந்து உண்டாக்கிய பள்ளம் அது. கிழக்குக் கோடியில் லிந்த் ஆறு உள்ளே வருகிறது. வடமுனையில், நகரத்தின் நடுவே, கைப்ரூக்கே பாலத்தின் கீழே லிம்மாட் ஆறாக வெளியே போகிறது. நகரம் குடிக்கிற தண்ணீரில் ஏறக்குறைய 70 சதவீதம் இந்த ஏரியில் எடுப்பது. சுமார் 30 மீட்டர் ஆழத்தில் குழாய் போட்டு உறிஞ்சிச் சுத்திகரித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். நமக்குப் புழல் ஏரி எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. அதே ஏரியில்தான் கோடையில் ஊரே இறங்கிக் குளிக்கிறது.

இது தானாக அமைந்த சுத்தம் இல்லை. சாக்கடையும் சோப்புத்தூளின் பாஸ்பேட்டும் கலந்து 1950, 60களில் பாசி பிடித்துக் கிடந்த ஏரி. கழிவுநீர் நிலையங்களைக் கட்டினார்கள். 1986இல் துணி துவைக்கும் தூளில் பாஸ்பேட்டைத் தடை செய்தார்கள். கரையும் அப்படித்தான். நீங்கள் படகு ஏறப் போகும் ப்யூர்க்லிபிளாட்ஸ் என்ற இடத்துக்கு அர்னால்ட் ப்யூர்க்லி என்ற நகரப் பொறியாளரின் பெயர். நகருக்குப் பாதாளச் சாக்கடையும் குடிநீர் அமைப்பும் போட்டவர். ஏரியின் ஓரத்தைத் தூர்த்துப் பொது நடைபாதையாக மாற்றிய வேலையையும் அவர்தான் முன்னின்று நடத்தினார், 1887இல் திறந்தார்கள். ஹார்பர் சுவர் வந்த பிறகு ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் மணல் அரித்துப்போய், கருங்கல் கொட்டிய கரையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, தண்ணீர் வரைக்கும் நடந்து போகிற கரை ஒரு ஊருக்கு எவ்வளவு பெரிய சொத்து என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

விசா வேலையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில் இருக்கிறது. பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, 6 முதல் 11 வயதுக் குழந்தைகளுக்கு 45. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. சென்னையிலேயே கொடுக்கலாம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்பு வரை வாங்குவார்கள். விடுமுறைக் காலத்தில் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே கஷ்டம், ஆகவே இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்குங்கள். போட்டோ 35க்கு 45 மில்லிமீட்டர். கடையில் "விசா போட்டோ" என்று மட்டும் கேட்டால் அமெரிக்க அளவில் சதுரமாக எடுத்துக் கொடுத்துவிட வாய்ப்பு உண்டு, அளவைச் சொல்லிக் கேளுங்கள். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு. கையில் ஒரு நாளைக்கு 100 பிராங்க் செலவழிக்க வழி இருக்கிறது என்று காட்ட வேண்டும். இங்கேதான் பலருக்குச் சிக்கல்: விண்ணப்பத்துக்கு ஒரு வாரம் முன்பு யாரிடமோ கைமாற்று வாங்கி மொத்தமாகக் கணக்கில் போடுவது. அந்த வரவு எங்கிருந்து வந்தது என்ற கேள்வி நிச்சயம் எழும். மாதா மாதம் வரவு செலவு நடக்கிற கணக்கு, அது சிறியதாக இருந்தாலும் மேல். பாரிஸும் சேர்த்துப் போகிறவர்கள் எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறார்களோ அந்த நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு.

பெட்டி கட்டும்போது இரண்டு விஷயத்தில் தப்பு நடக்கிறது. ஒன்று பிளக். பர்மா பஜாரில் "யூரோப் அடாப்டர்" என்று கேட்டால் இரண்டு தடித்த முள்ளும் வட்டமான பெரிய தலையும் உள்ளதைக் கொடுப்பார்கள். அது ஜெர்மனிக்குச் சரி. சுவிட்சர்லாந்தின் பிளக் பாயின்ட் வேறு: அறுகோண வடிவில் சின்னதாகக் குழிந்திருக்கும், மூன்று துளை, நடுத்துளை கொஞ்சம் தள்ளி இருக்கும். வட்டத் தலை அந்தக் குழிக்குள் இறங்காது. மெல்லிய இரண்டு முள், தட்டையான தலை உள்ள சார்ஜர் நேராகவே போகும். ஆகவே வட்டத் தலை வாங்காதீர்கள். சுவிஸ் பின் உள்ள அடாப்டர் ஒன்றும், நம்ம ஊர் மல்டி-பிளக் ஒன்றும் போதும். மின்சாரம் 230 வோல்ட், நம்முடையதேதான்.

இன்னொன்று சாப்பாடு. இந்தியாவிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகக் கூடாது. நெய், பால்கோவா, பனீர் எல்லாம் அதில் அடங்கும். பச்சைக் காய், பழம், இலை எதுவும் தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் கூடாது; வாழைப்பழம், தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையைப் பொட்டலம் கட்டிப் பெட்டியில் வைப்பவர்கள் அதிகம், அதை விட்டுவிடுங்கள். இட்லிப்பொடி, புளிக்காய்ச்சல், தக்காளித் தொக்கு, வறுத்த ரவை போதும். சவுகார்பேட்டை மின்ட் தெருவில் கிடைக்கும் காக்ரா என்கிற மொறுமொறு குஜராத்தி ரொட்டி ஒரு வாரம் கெடாது, கனமில்லை, ரயிலில் உட்கார்ந்து பொடியோடு சாப்பிடலாம். பயணத்துக்கு அதைவிடத் தோதான பலகாரம் நம்ம பக்கத்தில் குறைவு. கருவாடு வேண்டாம். தங்குமிடத்தில் வாசனை திரைச்சீலையில் ஏறினால் துப்புரவுக்குத் தனிக் காசு பிடிப்பார்கள்.

சென்னையிலிருந்து நேர் விமானம் கிடையாது. வளைகுடா வழி போனால் பெரும்பாலும் விடியற்காலை 3, 4 மணிக்குக் கிளம்பும். விம்கோ நகரிலிருந்து விமான நிலையத்துக்கு மெட்ரோ ஒரே வண்டியில் போய்ச் சேர்ந்துவிடும், ஆனால் ராத்திரி 11 மணியோடு சேவை முடிந்துவிடும். 10 மணிக்கு முன்பு ஏறிவிட்டால் டாக்ஸி செலவு மிச்சம். ஜெர்மனி வழி போனால் ஷெங்கன் நுழைவுச் சோதனை அங்கேயே நடக்கும். 2025 அக்டோபரிலிருந்து கைரேகையும் முகப்படமும் எடுத்துப் பதிகிற முறை படிப்படியாக வந்திருப்பதால் வரிசை நீளம். இரண்டு விமானத்துக்கு இடையே ஒரு மணி நேரம் மட்டும் இருக்கிற டிக்கெட்டை வாங்காதீர்கள்.

இனி டிக்கெட். இதில்தான் அதிகம் பேர் காசு விடுகிறார்கள், ஆகவே கொஞ்சம் விரிவாகவே.

சூரிக்கில் டிராம், பஸ், எஸ்-பான் என்கிற எலக்ட்ரிக் ட்ரெயின், ஏரிப் படகு எல்லாவற்றுக்கும் ஒரே டிக்கெட். ஊரை மண்டலமாகப் பிரித்து எண் கொடுத்திருக்கிறார்கள். நகரம் 110, விமான நிலையம் 121. ஒருமுறை வாங்கிய டிக்கெட்டை அந்த மண்டலத்துக்குள், அதில் அச்சிட்ட நேரம் முடியும் வரை, எத்தனை வண்டி மாறியும் பயன்படுத்தலாம். நகருக்குள் மட்டும் ஒரு மணி நேர டிக்கெட் 4.60 பிராங்க் அளவில் இருக்கும். 24 மணி நேர டிக்கெட் சரியாக அதைப்போல் இரண்டு மடங்கு. ஒரு நாளில் மூன்று தடவை வண்டி ஏறுவீர்கள் என்றால் யோசிக்காமல் 24 மணி நேரத்தை வாங்குங்கள். அது வாங்கிய நிமிடத்திலிருந்து 24 மணி நேரம், நள்ளிரவில் செத்துப்போகாது. மதியம் 2 மணிக்கு வாங்கினால் மறுநாள் காலை முழுதும் அதிலேயே ஓட்டலாம்.

விமான நிலையத்துக்குக் கீழேயே ரயில் நிலையம். சூரிக் ஹாப்ட்பான்ஹோஃப் என்கிற பெரிய ஸ்டேஷனுக்கு 10 முதல் 12 நிமிடம். கேட் கிடையாது, யாரும் டிக்கெட் கேட்டுத் தடுக்க மாட்டார்கள். அதை நம்பி ஏறக் கூடாது. செக்கர்கள் சில நேரம் சாதாரண உடையிலும் வருவார்கள், அபராதம் 100 பிராங்க் அளவில். வெளியூர்க்காரர் என்ற சலுகை இல்லை. மூன்று இடத்தில் நம்மவர்கள் மாட்டுகிறார்கள்.

வண்டி கிளம்பிய பிறகு மொபைலில் டிக்கெட் வாங்குவது: செல்லாது. வாங்கிய நேரம் டிக்கெட்டிலேயே பதிவாகியிருக்கும். பிளாட்பாரத்தில் நிற்கும்போதே வாங்கி முடிக்க வேண்டும். அடுத்தது, முதல் வகுப்புப் பெட்டியில் இரண்டாம் வகுப்பு டிக்கெட்டோடு உட்காருவது. பெட்டியின் பக்கத்தில் பெரிய 1 போட்டிருக்கும், மேலே மஞ்சள் கோடு ஓடும். கூட்டம் இல்லாத பெட்டியாக இருக்கிறதே என்று குடும்பத்தோடு ஏறி உட்கார்ந்தால் ஆளுக்கு ஒரு அபராதம். மூன்றாவது, மண்டலக் கணக்கு. 110க்கு மட்டும் வாங்கிய 24 மணி டிக்கெட்டோடு விமான நிலையத்துக்குத் திரும்புவதும், ஏரியில் தூரப் படகு ஏறுவதும்.

இந்தக் கணக்கே வேண்டாம் என்றால் சூரிக் கார்டு என்று ஒன்று உண்டு, 24 மணி அல்லது 72 மணி. விமான நிலையம், நகரம், பக்கத்து மலை, ஏரியில் குறுஞ்சுற்றுப் படகு எல்லாம் அதில் அடக்கம், மியூசியங்களில் இலவசமோ தள்ளுபடியோ கிடைக்கும். மூன்று நாள் தங்குகிறவர்களுக்கு 72 மணி கார்டு நல்ல கணக்கு. 6 வயதுக்குக் கீழ் குழந்தைக்கு டிக்கெட் இல்லை. ஏஜென்ட் தள்ளிவிடுகிற நாடு முழுக்கச் செல்லும் சுவிஸ் டிராவல் பாஸ், நாள்தோறும் ஊர் ஊராகச் சுற்றுகிறவர்களுக்கு. சூரிக்கிலேயே இருந்துகொண்டு ஒரே ஒரு நாள் லூசர்ன் போய்வருவதற்கு அது தேவையில்லை.

ஹாப்ட்பான்ஹோஃப் பல அடுக்கு. தரை மட்டத்தில் தொலைதூர வண்டிகள். பூமிக்குக் கீழே 21-22, 31-34, 41-44 என்று பிளாட்பாரங்கள் வெவ்வேறு மூலையில். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடக்கவே 7, 8 நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். பிளாட்பாரத்தை ஏ, பி, சி, டி என்று பிரித்திருப்பார்கள். குட்டை வண்டி வந்தால் நடுவில் மட்டும் நிற்கும். பலகையில் எந்த எழுத்துக்கு நேராக வண்டி படம் இருக்கிறதோ அங்கே போய் நில்லுங்கள்.

ஏரிக்கு வருவோம். ப்யூர்க்லிபிளாட்ஸிலிருந்து குறுஞ்சுற்றுப் படகு ஒன்றரை மணி நேரம். சுற்றுலாப் படகு என்று தனியாக விலை வைத்ததல்ல, அதே மண்டல டிக்கெட்டில் போவது. நகர மண்டலத்தோடு கரையோர மண்டலங்களையும் சேர்த்து வாங்க வேண்டும். போகும்போது வலப்பக்கம், வரும்போதும் வலப்பக்கம் உட்கார்ந்தால் இரண்டு கரையும் பார்த்துவிடலாம். வெயில் நாளில் மேல்தளத்தின் பின்பக்கம் நல்ல இடம், முன்பக்கம் காற்று குளிரும். ஃபோன் என்கிற தெற்கு மலைக்காற்று அடிக்கிற நாளில் வானம் துடைத்துவிட்ட மாதிரி தெளிந்து, ஏரியின் கோடியில் பனி மூடிய கிளாருஸ் மலைகள் கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும். நவம்பரிலிருந்து ஜனவரி வரை நேர்மாறு. ஊர் மேலே பனிமூட்டம் மூடிபோல் உட்கார்ந்துவிடும், எதிர்க்கரை தெரியாது.

இதைவிட நமக்குப் பிடித்தது லிம்மாட் ஆற்றுப் படகு. ஸ்டேஷன் பக்கத்து மியூசியத்திலிருந்து பழைய ஊரின் நடுவே ஆற்றில் போய் ஏரிக்குள் நுழையும். நகர மண்டல டிக்கெட்டே போதும். பாலங்கள் தாழ்வு என்பதால் படகும் தட்டை, கூரை தலையைத் தொடுகிற மாதிரி இருக்கும். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஓடும். மழையில் ஆறு ஏறிவிட்டால் பாலத்துக்குக் கீழே நுழைய முடியாது, நிறுத்திவிடுவார்கள்.

குளிப்பது என்றால் ஜூன் நடுவிலிருந்து செப்டம்பர் தொடக்கம் வரை. தண்ணீர் 20 முதல் 25 டிகிரி. நமக்கு அது குளிர்தான், ஆகவே குதிக்காமல் படியில் இறங்கி முகம், கழுத்து, நெஞ்சு நனைத்துவிட்டு மெல்லப் போங்கள். "பாடி" என்று அவர்கள் சொல்கிற குளிதுறைகளில் உடை மாற்றும் அறை, ஷவர், காவலர் எல்லாம் உண்டு. ஏரிக்கரை பாடிகளில் நுழைவு 8 பிராங்க் அளவில், ஆற்றோரத்து ஓபரர் லெட்டன் இலவசம். நீச்சல் உடை கட்டாயம். ஜீன்ஸ், காட்டன் பனியனோடு இறங்க விடமாட்டார்கள், நனைந்த பருத்தி ஆளை இழுக்கும் என்பதும் உண்மை. லாக்கருக்குச் சொந்தப் பூட்டு ஒன்று கொண்டுபோங்கள்.

கடலில் நீச்சல் பழகிய காசிமேட்டுக்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உப்புத்தண்ணீர் உடம்பைத் தூக்கிக் கொடுக்கும், ஏரித் தண்ணீர் அவ்வளவு தூக்காது. அங்கே மல்லாந்து மிதந்த அதே ஆள் இங்கே கால் தாழ்வதை உணர்வார். முதல் தடவை கரையோரத்திலேயே 20, 30 மீட்டர் போய்த் திரும்பிப் பழகிக்கொள்ளுங்கள். லிம்மாட் ஆற்றில் இழுப்பு உண்டு. ஏணி வருகிற இடத்தைத் தவறவிட்டால் தடுப்பணைப் பக்கம் கொண்டுபோகும். நீச்சல் நன்றாகத் தெரியாதவர்கள் ஆற்றில் இறங்கவே வேண்டாம்.

கரையெங்கும் கம்பத்தில் ஆரஞ்சு விளக்கு இருக்கும். அது நம்ம ஹார்பரில் ஏற்றுகிற புயல் கூண்டுக்குச் சமம். நிமிடத்துக்கு 40 தடவை மின்னினால் பலத்த காற்று வரக்கூடும், கவனம். 90 தடவை மின்னினால் புயல்காற்று, உடனே கரை ஏற வேண்டும். எண்ணிப் பார்ப்பது சுலபம்: நொடிக்கு ஒன்றைவிட நிதானமாக மின்னினால் முதல் எச்சரிக்கை, மூன்று மின்னல் இரண்டு நொடிக்குள் வந்தால் இரண்டாவது. கோடையில் மதியம் புழுங்கிவிட்டு மாலை 5, 6 மணிக்குச் சட்டென்று இடி மழை இறங்குவது அங்கே வழக்கம். வாடகைக்கு மிதிப்படகு எடுத்துக் குழந்தைகளோடு நடு ஏரியில் இருக்கிறவர்கள் வானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்கிறார்கள். மலைக்குப் பின்னாலிருந்து வருகிற மேகம் கடைசி நிமிடம் வரை தெரியாது. விளக்குக்கு முன்கூட்டியே தெரியும்.

தண்ணீர் பாட்டில் வாங்காதீர்கள். ஊரில் 1,200க்கு மேல் பொது நீரூற்றுகள், இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும், எல்லாம் குடிதண்ணீர். கல் தொட்டி, நடுவில் தூண், பித்தளைக் குழாயிலிருந்து விரல் கனத்தில் தண்ணீர், பாசியில்லாத அடி. சிலவற்றில் கீழேயே நாய்க்குச் சின்னத் தொட்டி வைத்திருப்பார்கள். பாட்டிலைக் குழாய்க்கு நேராகப் பிடித்து நிரப்புங்கள், தொட்டியில் முக்க வேண்டாம். "கைன் டிரிங்க்வாஸர்" என்று பலகை இருந்தால் மட்டும் குடிக்கக் கூடாத தண்ணீர். மெட்ரோ வாட்டர் லாரிக்குக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெருக்காரர்கள் அந்தக் குழாய் முன்னால் கொஞ்ச நேரம் நிற்காமல் நகர மாட்டார்கள்.

சாப்பாட்டுக்கு மிக்ரோஸ், கோப் என்ற இரண்டு சூப்பர் மார்க்கெட் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கிளைகளில் தட்டை நாமே எடுத்துக்கொள்கிற உணவகம் இருக்கும், வெளி ஓட்டலில் பாதி விலை. கடையிலேயே மலிவுச் சரக்குக்குத் தனிப் பெயர்: மிக்ரோஸில் எம்-பட்ஜெட், கோப்பில் பிரி கரான்டி. மூடும் நேரம் நெருங்கும்போது ரொட்டி, சாலட், சாண்ட்விச் மேலே 25, 50 சதவீதத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தயிர்சாதத்துக்கு யோகுர்ட் வாங்கும்போது "நேச்சர்" என்று எழுதியதைப் பாருங்கள். மற்றதெல்லாம் சர்க்கரை போட்டது, வெண்ணிலா யோகுர்ட்டில் சாதம் பிசைந்தால் குப்பைக்குத்தான் போகும். ஞாயிற்றுக்கிழமை ஊரில் கடை மூடியிருக்கும். ஹாப்ட்பான்ஹோஃப் கீழ்த்தளம், விமான நிலையம் மாதிரிச் சில இடம்தான் திறந்திருக்கும், அங்கே கூட்டம் நெரியும். சனிக்கிழமை மாலையே வாங்கி வையுங்கள்.

சைவக்காரர்களுக்கு ஹில்டல். 1898இலிருந்து நடக்கிற சைவ உணவகம். உலகிலேயே தொடர்ந்து நடக்கும் பழமையான சைவ உணவகம் என்ற கின்னஸ் பதிவு அதற்கு உண்டு. பஃபேயில் இந்திய வகைகளும் இருக்கும். எடை போட்டுக் காசு வாங்குகிற முறையில் சாதம், பருப்பு, உருளைக்கிழங்கை அள்ளினால் தட்டு கனத்து 30 பிராங்க் தாண்டும். கனமில்லாத கீரை, வறுவல், பொரித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். சாதம் தங்குமிடத்தில் வடித்துக்கொள்ளலாம். தெருவோர பிராட்வுர்ஸ்ட் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் கவனிக்க: சாங்க்ட் காலன் வகையில் கன்றிறைச்சியும் பன்றியும் கலந்திருக்கும். கார்டு மெஷின் "ரூபாயா, பிராங்கா" என்று கேட்டால் பிராங்கைத் தொடுங்கள். ரூபாயைத் தொட்டால் அவர்கள் வைத்த மாற்று விலைக்கு மாறி நஷ்டம் வரும்.

சூரிக் போகிற தமிழர்கள் ஒரு இடத்தைத் தவற விடக் கூடாது என்றால் அது ரீட்பெர்க் மியூசியம். 7ஆம் எண் டிராமில் அதே பெயர் நிறுத்தம், அங்கிருந்து பூங்கா வழியே மேடேறி நடை. திங்கள் விடுமுறை. எடுவார்ட் ஃபொன் டெர் ஹைட் என்ற வங்கிக்காரர் சேர்த்த கலைப்பொருட்களை நகரத்துக்குக் கொடுத்ததிலிருந்து தொடங்கி, 1952இல் திறந்தது. அங்கே சோழர் கால நடராசர் செப்புத்திருமேனி இருக்கிறது. கோயிலில் நாம் பார்ப்பது மாலைக்கும் பட்டுக்கும் மேலே தெரிகிற முகமும் தூக்கிய பாதமும் மட்டும்தான். இங்கே அலங்காரம் இல்லாத மேனி, கண்ணுக்கு நேரே, பகல் முழுக்க நின்று பார்க்கலாம். வலது பின்கையில் உடுக்கை, இடது பின்கையில் தீ, குறுக்கே நீட்டிய கை தூக்கிய காலைச் சுட்டும் விதம், மிதிபடும் முயலகன் தலை நிமிர்த்திப் பார்க்கும் கோணம். ஒரு பக்கமாக நகர்ந்து போய் இடுப்பின் வளைவைப் பாருங்கள். முன்னால் நிற்கும்போது தெரியாத திருப்பம் அங்கே தெரியும். மெழுகில் வடித்து மண் பூசி உருக்கி வார்த்த கை தஞ்சைப் பக்கத்துக் கை. அது அங்கே இருப்பது மனதை உறுத்தினால் அதுவும் நியாயமே, அந்த உறுத்தலோடே பாருங்கள். வெளியே ரீட்டர் பூங்கா இலவசம். காக்ராவை அங்கே புல்வெளியில் பிரிக்கலாம்.

மலை ஏற ஆசை இருந்து டிட்லிஸ் பனிமலைச் செலவு முடியாது என்றால் யூட்லிபெர்க் மலை. ஹாப்ட்பான்ஹோஃப் 21-22 பிளாட்பாரத்திலிருந்து எஸ்10 வண்டி, அரை மணிக்குள் மேலே. 870 மீட்டர் உயரம். குளிர்காலத்தில் ஊர் பனிமூட்டத்தில் மூழ்கியிருக்கும்போது சில நாள் இந்த உச்சி மட்டும் வெயிலில் நிற்கும், கீழே வெள்ளைக் கடல் மாதிரி மேகம். அங்கிருந்து முகட்டிலேயே ஃபெல்செனெக் வரைக்கும் சமநடை, நிதானமாக இரண்டு மணி நேரம். வழியெங்கும் சூரியனிலிருந்து கோள்களை அளவு குறைத்து வைத்திருக்கிறார்கள், நடக்கிற ஒரு மீட்டர் வானத்தில் 10 லட்சம் கிலோமீட்டர். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் சட்டென்று வந்துவிடும். வியாழனுக்குப் பிறகு அடுத்தது எப்போது வரும் என்று குழந்தைகள் கேட்டுக்கொண்டே நடப்பார்கள்.

ஃபெல்செனெக்கிலிருந்து ரோப் கார் அட்லிஸ்வில்லில் இறக்கிவிடும். அந்த ஊரில் ஈழத்தமிழர்கள் நடத்துகிற முருகன் கோயில் உண்டு. வானளாவும் கோபுரத்தைத் தேடாதீர்கள், சாதாரணக் கட்டடத்துக்குள்ளே சந்நிதிகள். மதியம் நடை சாத்தியிருக்கும், மாலைப் பூசை நேரத்தைப் பார்த்துக் காலையில் கிளம்புங்கள். அங்கே "எங்க இருந்து வாறீங்கள்?" என்று கேட்கிற பெரியவரிடம் பேசினால் எந்தக் கடையில் முருங்கைக்காய் வரும், எங்கே கொத்து ரொட்டி நன்றாக இருக்கும் என்பது வரை கிடைத்துவிடும். திரும்ப எஸ்4 வண்டி, அதே 21-22 பிளாட்பாரத்துக்கு வந்து நிற்கும்.

பழைய ஊரை ஒரு காலையில் நடந்தே முடிக்கலாம். லிண்டன்ஹோஃப் மேடு இலவசம், ஆறும் எதிர்க்கரைத் தேவாலயத்தின் இரட்டைக் கோபுரமும் ஒரே பார்வையில். செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் கடிகார முகம் 8 மீட்டருக்கு மேல் அகலம். ஃப்ராவ்முன்ஸ்டர் தேவாலயத்தில் ஓவியர் மார்க் ஷகால் வரைந்த வண்ணக் கண்ணாடி ஜன்னல்களுக்குக் காலை வெளிச்சம்தான் சரி, சிறு கட்டணம் உண்டு.

சமையல்கட்டு உள்ள வீடு எடுத்துத் தங்குகிறவர்கள் குப்பை விதியை முதல் நாளே கேளுங்கள். நகராட்சியின் கட்டணப் பையில்தான் குப்பை போட வேண்டும், வேறு பையில் கட்டி வைத்தால் எடுக்க மாட்டார்கள், யார் வைத்தது என்று பிரித்துப் பார்த்து அபராதம் போடுவதும் உண்டு. தாளிக்கும்போது மேலே உறிஞ்சும் விசிறியைப் போட்டுக்கொள்ளுங்கள், புகைக்கருவி கத்தினால் கட்டடமே கூடும். இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது. ஆகஸ்டில் ஸ்ட்ரீட் பரேட் என்கிற பெரிய இசை ஊர்வலம் நடக்கிற வாரக்கடைசியில் அறை வாடகை எகிறும், அந்தத் தேதியைத் தவிர்த்து எடுங்கள்.

திரும்பும் நாள். ஒரே கடையில் 300 பிராங்குக்கு மேல் வாங்கியிருந்தால் 8.1 சதவீத வரியில் பெரும்பகுதி திரும்பக் கிடைக்கும். வாங்கும்போதே பாஸ்போர்ட் காட்டிப் படிவம் கேட்க வேண்டும், பிறகு கேட்டால் கிடையாது. பெட்டியை செக்-இன் செய்வதற்கு முன்பே சுங்க முத்திரை வாங்க வேண்டும், பொருளைக் காட்டச் சொல்வார்கள். பெட்டி உள்ளே போன பிறகு படிவத்தோடு போய் நின்றால் பயனில்லை.

சாக்லேட் கடைசி நாளில் மிக்ரோஸில் வாங்குங்கள், விமான நிலைய விலை கொடுக்க வேண்டாம். சின்ன மெக்கரூன் மாதிரி இருக்கும் லக்ஸம்பர்கெர்லியை அங்கேயே சாப்பிட்டுவிடுங்கள், சில நாளில் கெட்டுவிடும். பார் சாக்லேட்டைப் பெட்டியின் நடுவில், ஸ்வெட்டருக்குள் சுற்றி வையுங்கள். மே மாதம் மீனம்பாக்கத்தில் இறங்கி வெயிலில் நின்ற டாக்ஸியின் டிக்கியில் ஏற்றினால் திருவொற்றியூர் வருவதற்குள் உருகிவிடும். பெட்டியைக் கூடவே வைத்துக்கொண்டு மெட்ரோவில் வாருங்கள், ஏசியிலேயே வீடு வரைக்கும் வந்து சேரும். அப்படியும் இளகியிருந்தால் உடனே ஃப்ரீசரில் போடாமல் ஏசி அறையில் இறுகவிட்டு, டப்பாவில் மூடிய பிறகு ஃப்ரிட்ஜில் வையுங்கள். முழுக்க உருகியிருந்தால் எப்படியும் மேலே வெள்ளை பூத்துவிடும். சாப்பிடலாம்தான், பல்லில் கடிபடும்போது அந்த "டக்" மட்டும் போயிருக்கும்.